அக்காளுக்குக் குறுணலும் இல்லை

பழுகாமம்
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகள் கேதீஸ்வரிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கண்ணகை அம்மன் காவலில் நீ அங்கே தலையிடி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், அதைக் கேட்டுத்தான் காலையில் விளக்கு வைத்தேன். நான் சுகம் என்று எழுதப் போனால் பேனை கொஞ்சம் நிற்கிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, நெஞ்சுக்குள் இருக்கிற பாரத்துக்கு எந்த டாக்குத்தரும் மருந்துத் துண்டு எழுதமாட்டார், ஆனபடியால் சுகம் என்றே நீ வைத்துக்கொள். மருமகன் ஜெயந்தனும் சுகம், வயல் வட்டைக்குள் யானை இறங்காமல் காவல் இருந்து இருந்து கண் சிவந்து போய்க் கிடக்கிறார். உன் மகன் நிதுர்ஷனும் சுகம், அவனுடைய கதைதான் இந்தக் கடிதம்.

நீ போன் எடுக்கிற நேரமெல்லாம் அம்மம்மா நித்திரை, அம்மம்மா கோயிலுக்குப் போய்விட்டா, அம்மம்மா குளிக்கிறா என்று அவன் சொல்வதை நம்பாதே. நான் பக்கத்தில்தான் இருக்கிறேன், நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். உன்மேல் கோபம் இல்லை மகள். அந்தப் போனுக்குள் இனி என் குரலை விடுவதில்லை என்று முடிவு எடுத்துவிட்டேன், ஒரு முறை விட்டது போதும். அஞ்சாம் வகுப்பு மட்டும்தான் படித்தவள் என்றாலும் அந்த அஞ்சு வகுப்பையும் ஒழுங்காகப் படித்தவள் நான், கையெழுத்தைப் பார், உன் மகன் பேனை பிடித்தால் கோழி கிளறின முற்றம் போல இருக்கும். ஓட்டமாவடி உசனாரின் மகன் ஹில்மி லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பப் போகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன், கூடவே வறுத்த அரிசிமாவும் கத்தரி வற்றலும் இருக்கிறது, மாவை உடனே டப்பாவில் போட்டு மூடு. உங்கள் பக்கத்து வானத்தில் நெருப்புக் கட்டி பறக்கிறது என்று செய்தியில் காட்டினார்கள். ஹில்மியிடம் கேட்டேன், அது வேற நாடுகளுக்குள்ள பிரச்சினை, எங்களுக்கு ஒண்டும் வராது உம்மா, பயப்படாதீங்க என்றான். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள். அந்தச் சண்டை வடக்கில் நடக்கிறது, இஞ்ச வராது என்றார்கள். அதனால் சொல்கிறேன், கடவுச்சீட்டைத் தலைமாட்டில் வைத்துப் படு, நீ வேலை செய்கிற அந்த வீட்டுக்காரியிடம் கொடுத்து வைத்திருந்தால் நல்ல வார்த்தை சொல்லி வாங்கிவிடு.

முதலில் நீ அனுப்பிய லெப்டொப்பைப் பற்றிச் சொல்கிறேன். நீ படிக்கட்டும் என்று அனுப்பினாய், ஏ.எல் சோதினை எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கிறவன் என்னத்தைப் படிப்பது, விளையாடுகிறான். துவக்கு விளையாட்டு. முதல் முறை அறைக்குள் இருந்து வெடிச்சத்தம் கேட்டபோது நான் அடுப்படியில் குந்திவிட்டேன், கை தானாகக் காதைப் பொத்திக்கொண்டது. மருமகன் முற்றத்தில் நின்றவர், மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் போய்விட்டார். பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம், ஆனால் அதைச் சிரிப்பு என்று சொல்லமுடியாது. நான் பேசின பேச்சுக்குக் காதில் ஒரு சாமானை மாட்டிக்கொண்டான், இப்போது வெடி கேட்பதில்லை, அவன் கத்துவது மட்டும் கேட்கிறது. பின்னால வாறான், பின்னால வாறான், விழுத்துடா, ஐயோ செத்திட்டன், பொறு வாறன் என்கிறான். செத்தவன் பொறு வாறன் எண்டு சொல்ற உலகம் நல்லாத்தான் இரிக்கிடா, எங்களுக்கு அப்பிடி ஒரு உலகம் கிடைக்கல்லயே என்று சொன்னேன். அவனுக்கு அது விளங்கவில்லை. விளங்காததும் நல்லதுதானோ என்று ஒரு மனம் சொல்கிறது, மற்ற மனம் சொல்கிறது, துவக்கு என்றால் இன்னதென்று தெரியாத பிள்ளை ஒருநாள் அதைக் கையில் கொடுத்தால் மறுக்கத் தெரியாமல் வாங்குமே என்று. இந்த இரண்டு மனத்தோடும்தான் நான் படுத்து எழும்புகிறேன். ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவனோடு ஒரே பக்கம் நின்று சுடுகிறவர்கள் ஏறாவூர்ப் பொடியன் பஹ்மியும் பொலன்னறுவையில் ஒரு சிங்களப் பொடியனும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தலைகீழாய் நின்றும் வராத சிங்களம் இவனுக்கு இப்போது தண்ணீர் மாதிரி வருகிறது. பார்லிமெண்டில் இருக்கிறவர்கள் இத்தனை வருடம் செய்யாததை இந்தக் கெட்டுப்போன விளையாட்டு செய்கிறதே என்று எனக்கு ஆத்திரம்கூட வருகிறது.

பாட்டும் அதே பெட்டிக்குள்தான் கிடக்கிறது. இவன் பாட்டுக் கட்டுகிறான், கட்டுகிறான் என்றால் பாடுவதில்லை, மேளத்தை அந்தப் பெட்டிக்குள் தட்டாமலே தட்டுகிறான். இப்போது வருகிற பாட்டுகளில் பாடுகிறவன் பாடுவதில்லை மகள், சந்தையில் மீன்காரியோடு சண்டை பிடிக்கிற மாதிரி வேகமாய்ப் பேசிக்கொண்டு போகிறான், பின்னால் சூடடிக்கிற மிஷின் ஓடுகிறது. கோயில் திருவிழாவிலும் அதுதான், கலியாண வீட்டிலும் அதுதான், அம்மன் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே இருக்கிறா. ஒரு பாட்டுக்கு ஒரு வாரம்தான் உயிர், அடுத்த வாரம் கேட்டால் அது பழசு அம்மம்மா என்கிறான். நான் ஒருநாள் பொறுக்கமுடியாமல் சொன்னேன், இதெல்லாம் ஒரு பாட்டாடா, எங்கட கொம்பு விளையாட்டில பொம்புளைகள் பாடின வசையைக் கேட்டா உன்ர மேளக்காரன் ஊரை விட்டு ஓடிருவான் என்று. அங்கேதான் என் வாயால் நான் கெட்டேன்.

நீ கொம்பு விளையாட்டுப் பார்த்து வளரவில்லை. நீ நடக்கத் தொடங்கின காலத்தில் ஊர் கூடி நிற்பதற்கே பயம். ஊர் இரண்டாய்ப் பிரிந்து வடசேரிப் பக்கம் தென்சேரிப் பக்கம் என்று நிற்கும், இரண்டு பக்கமும் கொம்பு என்கிற வளைந்த கட்டையில் கயிறு கட்டி ஒன்றில் ஒன்றைக் கொளுவி இழுக்கும், எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோல்வி. புருஷன் ஒரு பக்கம் பெண்சாதி மற்றப் பக்கமாய்க்கூட இருக்கும், விளையாட்டு முடியும்வரை அவள் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். முறிந்த பக்கத்தைப் பார்த்து வென்ற பக்கம் வசை பாடும். சும்மா வசை இல்லை, ஆளின் பேர் சொல்லி, மூக்கைச் சொல்லி, நடையைச் சொல்லி, கடைசி அடியில் அவனுடைய வீட்டையும் இழுக்க வேண்டும், வீட்டை இழுக்காத வசை பாதி வசை. அவர்களும் விடமாட்டார்கள், அவர்களுக்கும் மறுவசைக்கு முறை உண்டு. எல்லாம் முடிந்த பிறகு இரண்டு பக்கமும் குளித்துவிட்டு ஒரே கோயிலில் ஒரே பொங்கலை ஒரே இலையில் தின்னும். அதற்குப் பிறகு அடுத்த கொம்பு வரைக்கும் அந்த வசையை ஒருவனும் வாயில் எடுக்கக் கூடாது. எங்கள் அம்மா வசை கட்டுவதில் பேர்போனவ. அவ கட்ட நானும் என் தம்பி கோணாமலையும் சின்னஞ்சிறு வயதில் பின்னால் நின்று பாடுவோம். இரண்டு பேரும் ஒரே பக்கம், தென்சேரி. இதை மறந்துவிடாதே, இங்கேதான் எல்லாம் நிற்கிறது.

பங்குனி கடைசியில் உன் மாமா கோணாமலை பிரதேச சபைத் தேர்தலுக்குச் சுயேச்சைக் குழுவில் நின்றான், சின்னம் உரல். எனக்கு முதலே சொல்லவில்லை, சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். நல்ல மனுஷன் தேர்தலில் நின்றால் நல்ல மனுஷனாய் வெளியே வருவதில்லை என்பது என் எண்ணம். அந்த நேரம்தான் நிதுர்ஷன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மம்மா அந்த வசையில ஒண்டு பாடுங்களன், கோணாமலைத் தாத்தாட பேரைப் போட்டு, சும்மா சிரிக்க என்று கேட்டான். தம்பியைப் பகிடி பண்ண அக்காளுக்கு உரிமை இல்லையா, எனக்கும் வாய் அரித்தது. அடுப்படியில் இருந்தபடியே அந்த நேரத்திலேயே கட்டினேன்:

வாவிக்கரை ஓரத்திலே உரலு உருளுது
உள்ளே நெல்லு ஒண்ணும் இல்ல உமிதான் பறக்குது
கோணாமலை கையைப் பாரு கொப்புளம் இல்ல
குத்தித் தந்த அக்காளுக்குக் குறுணலும் இல்ல

பாடி முடித்து நானும் அவனும் மருமகனும் வயிறு நோகச் சிரித்தோம். நாலு நாள் கழித்து அது எங்கள் வீதியால் ஓட்டோவில் வந்தது. நான் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன், யாரோ என் குரல் மாதிரிப் பாடுகிறாளே என்று பார்த்தால் நான்தான். இவனுடைய கூட்டாளிகள் சேர்ந்து விசிறிச் சின்னத்தில் இன்னொரு சுயேச்சைக் குழு நிறுத்தியிருந்தார்கள், அவர்களுக்கு இவன் மேளம் போட்டுக் கொடுத்திருக்கிறான். பொய் சொல்லக் கூடாது மகள், கேட்க நன்றாய்த்தான் இருந்தது. என் குரலுக்குக் கீழே அந்த மேளம் அடக்கமாய் நடந்தது, கடைசி அடியை மூன்று தரம் திருப்பித் திருப்பி விட்டிருந்தான். ஒரு நிமிஷம் நான் விளக்குமாற்றோடு பெருமைப்பட்டு நின்றேன். அதன் பிறகுதான் அந்தக் கடைசி அடி என் காதில் விழுந்தது, ஊரின் காதில் எப்படி விழுமோ அப்படி.

அடுப்படியில் பாடினால் அது பகிடி. ஓட்டோவில் வந்தால் அது சாட்சி. அக்காளே சொல்கிறாள், அக்காளுக்கே ஒரு பிடி குறுணல் அரிசி கொடுக்காதவன் ஊருக்கு என்ன கொடுப்பான் என்று சந்தியில் சந்தியில் கதைத்தார்கள். உனக்குத் தெரியாதா மகள், உன் அப்பா செத்த வருடத்தில் இருந்து உன் மாமா ஒரு போகத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. சூடு அடித்த அன்றே நெல்லு மூட்டையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பழசு கிடந்தது அக்கா, பூச்சி பிடிச்சிரும் எண்டு கொண்டு வந்தன் என்பான், எனக்கு வாங்கின கூச்சம் வரக்கூடாதாம். அந்தக் கையைப் பார்த்துத்தான் கொப்புளம் இல்லை என்று பாடியிருக்கிறேன். நான் விசிறிக்காரப் பொடியன்களைக் கூப்பிட்டுச் சண்டை பிடித்தேன். ஓட்டோவை நிறுத்தினார்கள். பாட்டை நிறுத்தமுடியவில்லை, அது போன் போனாய்ப் போய்விட்டது. நிதுர்ஷன் தன்னிடம் இருந்ததை என் கண் முன்னால் அழித்தான், ஆனால் கலியாண வீடுகளில் பொடியன்கள் அதற்கு ஆடுகிறார்களாம். உனக்கே அது குவைத்தில் வாழைச்சேனைக்காரி ஒருத்தியின் போனில்தானே கேட்டது, உன்ர அம்மா பாடுறாகா, வந்து கேளுகா என்று கூப்பிட்டாளாம். கொம்பு வசை என்றால் குளித்ததோடு போய்விடும், இதற்குக் குளிக்கிற கிணறு எங்கே இருக்கிறது.

இந்தத் தேர்தலைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. வாக்குக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் மாற்றம் என்றார்கள். என்ன மாற்றம் என்று கேட்டால் நோட்டீசைக் காட்டினார்கள். யானை வேலியைப் பற்றிக் கேட்டேன், அது மேலிடம் என்றார்கள். நெல்லு விலையைக் கேட்டேன், அதுவும் மேலிடம் என்றார்கள். அப்ப கீழ இருக்கிற நீங்க என்னத்துக்கு என்று கேட்டதற்கு ஒருவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான், பதில் தெரியாதவன் காலில் விழுவதும் ஒரு கெட்டித்தனம்தான். எங்கள் ஆட்கள் ஒரு வேட்டியைக் கிழித்து நாலு கட்சி ஆக்கிவிட்டு, நாலு பேரும் தமிழருக்காக என்கிறார்கள். இளசுகள் அதில் வெறுத்துப் போய்த் தாங்களும் ஒரு துண்டு கிழிக்கிறார்கள். கடைசியில் என்ன நடந்தது, உரலும் போச்சு, விசிறியும் போச்சு. இரண்டு பக்கமும் இழுத்துக் கொம்பை முறிக்க, எங்கள் ஊர்ப் பாதையே தெரியாத ஒருத்தர் முறிந்த கட்டையைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். வென்றபிறகு இந்தப் பக்கம் அவருடைய நிழலும் விழவில்லை.

முடிவு அறிவித்த மறுநாள் சந்திக் கடையில் யாரோ ஒரு வேலையற்றவன் உன் மாமாவைக் கண்டதும் அந்தப் பாட்டைப் போட்டிருக்கிறான். மாமா ஆத்திரப்படவில்லையாம், சத்தம் போடவில்லையாம், தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னானாம், குறுணல் குடுக்காதவன் கோடி எப்பிடிக் குடுப்பான், என்ர அக்கா செத்தா நான் கோடிச்சீலை கொண்டு போகமாட்டன், இதை அவவுக்குச் சொல்லுங்க என்று. சொன்னார்கள் மகள். இப்படியான செய்தி வீட்டுக்கு வர எத்தனை கால். செத்த பொம்பிளைக்குப் பிறந்த வீட்டுக் கோடி வராவிட்டால் அவள் எங்கிருந்து வந்தாள் என்று ஊர் கேட்கும். அம்மனைக் குளிர்விக்கிற வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்குக் கோயிலுக்குப் போனேன், வழக்கமாய் என் பக்கத்தில் நின்று தண்ணீர் வாங்குகிறவன், அந்தத் தொங்கலில் ஆம்பிளைகளுக்குள் போய் நின்றான். குளிர்த்தி பாடி அம்மனே குளிர்ந்துவிட்டா, அவன் முகம் திரும்பவில்லை.

இதைக் கேட்டுவிட்டுத்தான் நீ போனில் நிதுர்ஷனைக் கிழித்துத் தோரணம் கட்டினாய். லெப்டொப்பைக் கிணற்றில் போடு என்றாய், அவனுக்கு அங்கே விசா பார்க்கிறேன் என்றாய், அம்மாவுக்கு நான் இஞ்ச இருந்து நல்ல சீலையாப் பாத்து வாங்கி வைக்கிறன், மாமாட கோடி என்னத்துக்கு என்றாய். நான் பக்கத்தில் இருந்து எல்லாம் கேட்டேன். உன் அன்பு எனக்குத் தெரியும். ஆனால் மகள் போடுகிற சீலை மகளின் சீலைதான், பிறந்த வீட்டுச் சீலை ஆகாது. நீ குவைத்திலேயே உயர்ந்த பட்டு வாங்கினாலும் அது வேறு பாதையால் வருகிற சீலை. அதைக் கேட்டு எனக்கு வந்த அழுகை உனக்குத் தெரியாது.

இனி நடந்ததைச் சொல்கிறேன், அதற்காகத்தான் இவ்வளவு தாளும். போன கிழமை ஒரு பின்னேரம் நிதுர்ஷன் விளையாடிக்கொண்டிருந்தான், நான் பின்னால் பாயில் இருந்து வெங்காயம் உரித்தேன். தோற்றுவிட்டான் என்று முகத்தில் தெரிந்தது, காதில் மாட்டினதைக் கழற்றி எறிந்தான். பிறகு திரும்ப எடுத்து ஏதோ தட்டினான். யாருக்குடா எழுதுறாய் என்றேன். எதிர்ப்பக்கத்துக்கு, நல்ல விளையாட்டு எண்டு என்றான். உன்னை வெண்டவனுக்கா என்றேன். வெண்டவனும் எழுதணும் தோத்தவனும் எழுதணும் அம்மம்மா, எழுதாம எழும்பிப் போனா மறுகா ஒருத்தனும் சேர்க்கமாட்டான் என்றான். நான் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டேன். அப்ப தாத்தாவுக்கு என்னத்தை எழுதின நீ என்று கேட்டேன். திரையில் பஹ்மி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், இவன் அசையவில்லை. அன்று அவன் சோறு தின்னவில்லை, நானும் கேட்கவில்லை. விடியக்காலம் தானாக வந்து, அம்மம்மா ஏறுங்க, பெரியபோரதீவுக்கு, தாத்தா வீட்டுக்குப் போவம் என்று மோட்டார் சைக்கிளைத் திருப்பினான். இந்த வயதில் உன் அம்மா மோட்டார் சைக்கிளில் ஏறிப்போனதை ஊரே வேலிக்கு மேலால் பார்த்தது, பார்க்கட்டும்.

மாமா முற்றத்தில் தண்ணீர்ப் பம்பைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தான். எங்களைக் கண்டு நிமிரவில்லை. உள்ளே பார்த்துத் தன் பெண்சாதி, என் மச்சாளிடம், வந்தவங்களுக்குத் தேத்தண்ணி குடு என்றான். வந்தவங்களாம். நிதுர்ஷன் முன்னால் போய் நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல், தாத்தா நல்ல விளையாட்டு என்று சொல்லிவிட்டான். எனக்கு உயிர் போய்வந்தது. மாமா அப்போதுதான் தலையைத் தூக்கினான், என்ன விளையாட்டு, உனக்கு எல்லாம் விளையாட்டு, உன்ர பெட்டியைத் தட்டினா நீ திருப்பி எழும்புவாய், எனக்கு எழும்பத் தெரியாதுடா என்றான். பிள்ளை அப்படியே நிலத்தைப் பார்த்தான். அவனுக்குத் துவக்கு விளங்காவிட்டாலும் இது விளங்கினது என்று நான் கண்டேன்.

நான் சொன்னேன், தம்பி, வசை கேட்டவனுக்கு மறுவசைக்கு முறை இரிக்கி, உனக்கு அந்த முறையை ஒருத்தரும் தரல்ல, நான் இப்ப தாறன், பாடு. அவன் பம்பு கழற்றுகிற சாவியைக் கீழே போட்டான். எதிர்ப்பக்கம் பாடியிருந்தா நான் சிரிச்சிருப்பன், ஒரு பக்கத்தில நிண்டு ஒரு பாட்டைப் பாடின ரெண்டு பேருக்குள்ள என்ன மறுவசை, அதுக்கு முறையே இல்ல என்றான். அது சரிதான். ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். எதிரி பாடினால் பதில் உண்டு, சொந்தப் பக்கம் பாடினால் பதில் இல்லை, அதுதான் அவனைத் தின்றிருக்கிறது. முற்றத்துக்குக் குறுக்கே உடுப்புக் காய்கிற கயிறு கட்டியிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கயிற்றுக்குக் கீழால் குனிந்து மற்றப் பக்கம் போய் நின்றேன். இந்தா நான் வடசேரிக்குப் போயிட்டன், இனிப் பாடு என்றேன். மச்சாள் தேத்தண்ணியோடு வாசலில் நின்றுவிட்டா. நான் நிதுர்ஷனைப் பார்த்தேன், சொல்லாமலே போனை எடுத்து மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

காகம் கத்தினது. பிறகு அவன், பம்பைப் பார்த்துக்கொண்டே, சின்ன வயதில் பாடின அதே இராகத்தில் என் பேரைப் போட்டு எடுத்தான். குரல் முதலில் கரகரத்தது, மறுகா பிடித்துக்கொண்டது:

போனுக்குள்ள கூவுறாளாம் சீதேவிப்பிள்ளை
பொக்கை வாயைக் கேட்க ஊரில் பொழுதும் போகல்ல
பேரன் தட்டும் தாளத்துக்கு ஆடுது கிழவி
பெத்து வளர்த்த வீட்டைப் பாரு...

அந்த இடத்தில் நின்றுவிட்டான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், வீட்டை இழுக்காவிட்டால் வசை பாதி என்று அவனுக்குத் தெரியும், இரண்டு பேருக்கும் அதைப் படிப்பித்தது ஒரே வாய்தான். பாடன் தம்பி, முடி என்றேன். அவன் எண்ணெய்க் கையால் முகத்தைத் துடைத்தான், கறுப்பாய் அப்பிக்கொண்டது. ஒண்ணா அக்கா, என்னால ஏலா, அது எங்கட அம்மா என்றான்.

சந்தியில் அந்த வார்த்தை சொன்ன நாளில் இருந்து அவன் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தரம். மச்சாள் உள்ளே போய்விட்டா. நிதுர்ஷன் போய்ப் பம்பின் மற்றப் பக்கத்தைப் பிடித்தான், மாமா அவனை விடு என்றும் சொல்லவில்லை, பிடி என்றும் சொல்லவில்லை. நான் கயிற்றுக்குக் கீழால் திரும்ப வந்து ஆறின தேத்தண்ணியைக் குடித்தேன். புறப்படும்போது, வெயில் ஏறுது அக்கா, தலையில சீலையைப் போட்டுட்டுப் போ என்றான். அவ்வளவுதான் கதைத்தது. கோடியைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, கேட்டு வாங்குகிற சாமான் இல்லை அது. சந்தியில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னதைத் திருப்பி எடுக்க ஆம்பிளைக்கு நாள் பிடிக்கும், எனக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். பாட்டும் இன்னும் போன்களுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நேற்றும் வாவிக்கரைப் பாதையால் போன பஸ்ஸில் கேட்டதாம்.

மகள், பெட்டியைக் கிணற்றில் போடச் சொல்லாதே. பெட்டி இல்லாவிட்டால் வேறு எங்கோ போய் விளையாடுவான், இங்கே என்றால் நான் பின்னால் இருந்து வெங்காயம் உரிப்பேன். விசாவும் பார்க்காதே, ஒரு பிழைக்குப் பிள்ளையை நாடு கடத்தக் கூடாது, அந்த வானம் அடங்கும்வரை நீயே அங்கே இருப்பது போதும். நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. அம்மன் உனக்குத் துணை நிற்பா, நீ போன காலோடு திரும்பி வந்து எங்கள் படலையைத் திறக்க வேண்டும், நான் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும், வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

திரும்பவும் ஞாபகப்படுத்துகிறேன், அந்தச் சீலையை வாங்காதே. வாங்கிவிட்டாய் என்றால் நீயே உடுத்து, எனக்கென்று எடுத்து வைக்காதே. கோடி பெரியபோரதீவில் இருந்து வரும் அல்லது வராது, எப்படி என்றாலும் அந்தப் பாதையை வேறு சீலையால் மூடாதே.

உன்னைப் பெற்ற அம்மா,
சீதேவிப்பிள்ளை